இரவில் மட்டும் இருமும் குழந்தை: தொண்டையில் இறங்கும் மூக்குச்சளியை என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மகனுக்கு நான்கு வயது. ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்த்ததிலிருந்து சளி விட்டபாடில்லை. பகலில் நன்றாக விளையாடுகிறான். படுத்துக் கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்குகிறது; விடியற்காலையில் கோழையாக வாந்தி எடுக்கிறான். ‘போஸ்ட் நேசல் டிரிப்’, அதாவது மூக்குச்சளி தொண்டையில் இறங்குவது, என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்று சிரப் மாற்றியாயிற்று. ஆன்டிபயாடிக் வேண்டுமா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்த வேண்டுமா, மாமியார் சொல்கிறபடி மூக்கில் எண்ணெய் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகள் மருத்துவராக, மழைக்காலம் முழுக்கப் புறநோயாளிப் பிரிவில் நான் கேட்கிற கதை இதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூக்கைக் கழுவுங்கள், இருமல் சிரப்பை நிறுத்துங்கள், சளி எதனால் வருகிறது என்று தேடுங்கள். மூன்றாவதுதான் கடினம். பெரும்பாலான வீடுகளில் அதை விட்டுவிட்டு நான்காவது சிரப்புக்குப் போய்விடுகிறார்கள்.

மூக்கின் உட்சுவரும், முக எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறைகளும் நாள் முழுக்கச் சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கின்றன. உட்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள் அந்தச் சளியைத் தூசியோடும் கிருமியோடும் சேர்த்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். ஆகவே சளி தொண்டைக்கு இறங்குவது நோய் அல்ல. அளவு கூடினாலோ கெட்டியானாலோதான் தொல்லை. பெரியவர்கள் மூக்கைச் சிந்துவார்கள், காறித் துப்புவார்கள். நான்கு வயதில் இரண்டுமே சரியாக வராது. உட்கார்ந்திருக்கும்போது உணவுக்குழாய்க்குள் வழுக்கிப் போகிற சளி, மல்லாந்து படுத்ததும் தொண்டையின் பின்சுவரில் தேங்கிக் குரல்வளையைச் சீண்டுகிறது. உடனே இருமல். விழுங்கிய சளியெல்லாம் இரவு முழுக்க வயிற்றில் சேர்ந்து, விடியற்காலை இருமலின் வேகத்தில் வாந்தியாக வெளியே வருகிறது. அந்த வாந்தியைப் பார்த்துப் பதற வேண்டாம். எடுத்தபின் பையன் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறான் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

டார்ச் அடித்து ‘ஆ’ என்று சொல்லச் சொன்னால், உள்நாக்குக்குப் பின்னால் சளி ஒரு கோடாகப் பளபளத்து இறங்குவது தெரியும். நாள்பட்ட தொல்லை என்றால் தொண்டையின் பின்சுவரே சவ்வரிசியை ஒட்டிவைத்ததுபோல் சிறு சிறு மொட்டாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். ஆனால் அது கண்ணில் தெரிவதற்கு வைத்த பெயர். காரணத்துக்கு வைத்த பெயர் அல்ல. காரணம் மூக்குக்குள்ளோ மூக்கின் பின்னாலோ இருக்கிறது.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் ஆண்டில் முதல் சந்தேகம் சாதாரண ஜலதோஷத்தின் மீதுதான். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. புதிதாகப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு இன்னும் கூடும். ஒவ்வொன்றும் பத்து நாள், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு அது ஆறு மாதமாக நீடிக்கும் ஒரே சளியாகத்தான் தெரியும். இதைப் பிரித்தறிய நான் கேட்கும் கேள்விகள் இரண்டே: நடுவில் நாலைந்து நாளாவது மூக்கு முழுக்கச் சுத்தமாக இருக்கிறதா? பள்ளி விடுமுறையில் குறைகிறதா? ஆம் என்றால் இவை அடுத்தடுத்து வரும் வைரஸ் தொற்றுகள். காலந்தான் மருந்து.

சளி பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறினால் உடனே ஆன்டிபயாடிக் என்று பலரும் நினைக்கிறார்கள். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதிக்கே பச்சை நிறம் உண்டு. வைரஸ் சளியிலும் மூன்றாம், நான்காம் நாளில் நிறம் மாறும், பிறகு தானாகத் தெளியும். நிறத்தை வைத்து மட்டும் ஆன்டிபயாடிக் தொடங்குவது தவறு.

சைனஸில் பாக்டீரியா தொற்று என்று நாங்கள் எப்போது முடிவு செய்கிறோம்? சளியும் இருமலும் பத்து நாளுக்கு மேல் துளியும் குறையாமல் நீடித்தால். அல்லது குறைந்து வந்தது மீண்டும் காய்ச்சலோடு திரும்பினால். அல்லது தொடக்கத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் கெட்டியான சீழ்ச்சளியும் மூன்று நாள் தொடர்ந்தால். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். தொடங்கினால் மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். எக்ஸ்ரே இதற்கு உதவாது. நெற்றி சைனஸ் இந்த வயதில் படத்தில் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்காது. இருக்கிற கன்ன சைனஸ்களும் வெறும் ஜலதோஷத்திலேயே படத்தில் மங்கலாகத்தான் தெரியும். மங்கலைப் பார்த்ததும் மருந்து எழுதக் கை பரபரக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது சந்தேகம் ஒவ்வாமை. இது நம் ஊரில் மிக அதிகம், கண்டுகொள்ளப்படுவதோ குறைவு. காலையில் எழுந்ததும் வரிசையாக ஐந்தாறு தும்மல், தண்ணீர்போல ஒழுகும் மூக்கு, ஓயாத அரிப்பு, கண்ணுக்குக் கீழே கருமை. காய்ச்சல் இருக்காது. எனக்குப் பெரிய தடயம் குழந்தையின் கைதான். உள்ளங்கையால் மூக்கு நுனியைக் கீழிருந்து மேலே தள்ளித் தேய்த்துக்கொண்டே இருப்பான். மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் மூக்குத்தண்டின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ, குழந்தைக்குச் சிறு வயதில் தோல் கரப்பானோ இருந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒவ்வாமையில் கூடும் வெள்ளையணு வகையைக் காட்டி, ‘ஈசினோபில் கூடியிருக்கிறது’ என்று ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுகிறவர்கள் உண்டு. அந்த எண் வயிற்றுப் பூச்சியாலும் கூடும். அந்தத் தாளுக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

மூன்றாவது அடினாய்டு. மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கும் சதை. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. மூன்று முதல் ஏழு வயதுக்குள் நன்றாகப் பெருத்திருக்கும், பிறகு சுருங்கும். பெருத்த அடினாய்டு வழியை அடைத்தால் சளி முன்னாலும் போகாது, பின்னாலும் சரியாக இறங்காது. குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கும், குறட்டை விடும், தலையணை எச்சிலில் நனையும். குறட்டை நடுவே சில நொடி மூச்சு நின்று, பிறகு திணறி இழுத்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொல்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் நடுக்காதில் நீர் கட்டியிருக்கலாம்; காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். எல்லா அடினாய்டுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சில வாரம் மூக்கு ஸ்ப்ரே கொடுத்தாலே சுருங்கி வழிவிடுகிற குழந்தைகள் பலர்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே எதையோ போட்டுக்கொண்டிருக்கிறான் என்று பொருள்: கடலை, மணி, ரப்பர் துண்டு. நீங்களே ஊக்கை விட்டுத் தோண்டாதீர்கள். சிறு பட்டன் பேட்டரியாக இருக்க வாய்ப்புண்டு என்றால் அது சில மணி நேரத்திலேயே உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். இரவென்றாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூக்கின் மேல் பழி போட்டுவிட்டு நெஞ்சை மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இரவு இருமல் என்றால் ஆஸ்துமாவை எப்போதும் நினைக்க வேண்டும்: ஓடினாலோ சிரித்தாலோ இருமல், நெஞ்சில் விசில் சத்தம், இன்ஹேலர் கொடுத்தால் தணிவது. ஒவ்வாமை மூக்கும் ஆஸ்துமாவும் பல குழந்தைகளுக்குச் சேர்ந்தே வரும். சளியோடு கொறகொறவென்ற இருமல் நான்கு வாரம் தாண்டினால் அது மூச்சுக்குழாயிலேயே தங்கிய பாக்டீரியாவாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் உண்மையாகவே வேலை செய்யும் இடம் அது. இருமலோடு எடை குறைகிறது, மாலையில் காய்ச்சல் வருகிறது, வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்தது என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் சோதிக்க வேண்டும். இன்னொரு வகை: பகல் முழுக்க ‘க்கும், க்கும்’ என்று தொண்டையைச் செருமுவான், தூங்கியதும் அடியோடு நின்றுவிடும். அது பழக்கச் செருமல். சிரப்பை விட, ‘செருமாதே’ என்று சொல்வதை நிறுத்துவதே அதற்கு வைத்தியம்.

இனி மூக்கைக் கழுவும் விஷயம். மருந்துக்கடையில் ஸலைன், அதாவது உப்புநீர், சொட்டு மருந்து கேளுங்கள். வாங்கியதும் லேபிளைப் படியுங்கள்: சோடியம் குளோரைடு மட்டும் இருக்க வேண்டும். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று இருந்தால் அது வேறு மருந்து. அடைப்பை அஞ்சு நிமிடத்தில் திறக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் நிறுத்தும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும். பெயரும் புட்டியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் மாறிப்போகிறது. மருத்துவர் எழுதாமல் அதை வாங்க வேண்டாம்.

ஸலைனைத் துணிந்து போடலாம். மூக்குக்கு இரண்டு மூன்று சொட்டு, ஒரு நாளில் மூன்று நான்கு முறை, கட்டாயம் படுக்கைக்கு முன்னால் ஒரு முறை. புட்டியை முதலில் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த சொட்டுதான் குழந்தையை அலற வைக்கிறது. மடியில் மல்லாத்தித் தலையைச் சற்றுச் சாய்த்துச் சொட்டு விட்டு, அரை நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, உட்கார வைத்து மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள். சிந்தக் கற்றுக்கொடுப்பதும் இந்த வயதில்தான். மேசையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, வாயை மூடிக்கொண்டு மூக்குக் காற்றாலேயே அதை நகர்த்தும் போட்டி வைத்தால் சில நாளில் பிடித்துக்கொள்வான். பிறகு ஒரு பக்கத்தை மூடி மறுபக்கம் மெதுவாக. இரண்டையும் பிடித்துப் பலமாகச் சிந்தினால் சளி காதுக்குள் ஏறும்.

சளி கெட்டியாக இருந்தால் சொட்டு போதாது. ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்சில் ஸலைனை எடுத்து, வாஷ்பேசின் மேல் குனிய வைத்து, வாயைத் திறந்து ‘ஆ’ என்று நீட்டச் சொல்லி, ஒரு மூக்கில் மெதுவாகச் செலுத்துங்கள். முதல் நாள் அழுவான். சளி நீளமாக வெளியே வந்து மூச்சு திறப்பதை உணர்ந்தபின் சில குழந்தைகள் தாமே மூக்கை நீட்டுவார்கள். இருமலோ விக்கலோ இருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள், கையைக் காலைக் கட்டிப்பிடித்துச் செய்யாதீர்கள். ஸலைனை வீட்டில் தயாரிப்பதானால், நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீருக்கு, அதாவது சுமார் 240 மில்லிக்கு, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பு. அன்றன்று கலக்கி அன்றே கொட்டிவிடுங்கள். குழாய்த் தண்ணீரையோ கிணற்று நீரையோ கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது. 2024இல் கேரளத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளை அமீபா உடலுக்குள் நுழைவது மூக்கு வழியாகத்தான்.

இருமலைத் தணிக்க, ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இரவு இருமலுக்குத் தேன் கொடுத்த குழந்தைகள் எதுவும் கொடுக்காதவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள். வழக்கமான இருமல் மருந்து தேனை மிஞ்சவில்லை. ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள், நஞ்சுக்கிருமி ஆபத்து உண்டு. துளசி, கற்பூரவல்லிச் சாற்றை வெதுவெதுப்பான நீரில் கலந்து கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. இளஞ்சூட்டில் எதைக் குடித்தாலும் தொண்டைக்கு இதம்தான்.

சிரப் விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுகிறேன். கடைகளில் கிடைக்கும் சளி மருந்துகளில் பெரும்பாலானவை குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்தவை. குழந்தையைத் தூங்க வைக்கும், வாயை உலர்த்தும், சளியை இன்னும் கெட்டியாக்கும். ஜலதோஷத்தை ஒரு நாள்கூடக் குறைக்காது. 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தக் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் அதில் 48.6 சதவீதம் இருந்தது. அதையடுத்து மத்திய அரசு, இரண்டு வயதுக்குள் சளி, இருமல் சிரப் எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. உங்கள் மகனுக்கு நான்கு வயது. ‘போன தடவை எழுதியதையே கொடுங்கள்’ என்று கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

ஒவ்வாமைதான் காரணம் என்று தெரிந்தால் கதை வேறு. அங்கே மருந்துக்கு இடம் உண்டு. அதிகம் தூக்கம் தராத செட்ரிசின் போன்றவை தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். நாள்பட்ட மூக்கடைப்புக்கு நல்ல மருந்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. இரண்டு வயதிலிருந்தே தரத்தக்க வகைகள் உண்டு. ஸ்டீராய்டு என்றதும் முகம் வெளிறும் பெற்றோரே அதிகம். மூக்குக்குள் விழும் அளவு மிகச் சிறியது, உடலுக்குள் சேர்வது அதனினும் குறைவு. மாதக்கணக்கில் தொடர்ந்தால் உயரத்தை அவ்வப்போது அளந்துகொள்வோம். இது ஒரே இரவில் வேலை செய்யாது. இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். முதலில் ஸலைனால் கழுவி, தலையைச் சற்றுக் குனிய வைத்து, வலது மூக்கில் இடக்கையாலும் இடது மூக்கில் வலக்கையாலும், நுனியை நடுத்தண்டை நோக்காமல் வெளிப்புறம் காதைப் பார்த்துச் சாய்த்து அடியுங்கள். தண்டின் மேல் அடித்தால்தான் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தரப்படும் மான்டிலுகாஸ்ட் என்ற மருந்து கலந்த சிரப்பை மாதக்கணக்கில் கொடுத்துவரும் குழந்தைகளை அடிக்கடி பார்க்கிறேன். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது: கெட்ட கனவு, எரிச்சல், நடத்தை மாற்றம், தற்கொலை எண்ணம் வரை. உங்கள் மகன் அதைக் குடித்துவிட்டு இரவில் அலறி எழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெபுலைசர் வாங்கிவைக்கும் வழக்கமும் அப்படித்தான். அது நெஞ்சுக்கான கருவி, மூக்குச்சளிக்கு அதில் பலனில்லை.

மருந்தைவிடப் படுக்கையறையில் செய்யும் மாற்றம் பெரிது. இலவம்பஞ்சுத் தலையணையும் பழைய மெத்தையும் தூசிப்பூச்சிகளின் வீடு. உறைகளையும் போர்வையையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கட்டிலில் கரடி பொம்மைகள் வேண்டாம். பிரிய மனமில்லாத ஒன்றை மாதம் ஒருமுறை ஒரு நாள் முழுக்க ஃப்ரீஸரில் வைத்துப் பிறகு துவைக்கலாம். ஏசி வலையைக் கழுவுங்கள், மின்விசிறி இறக்கையைத் துடையுங்கள். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. ஊதுபத்தி, சாம்பிராணி, யாருடைய சிகரெட்டும் அந்த அறைக்குள் வரக் கூடாது. போகி, தீபாவளிக் காலங்களில் சன்னலைச் சாத்திவையுங்கள். தலைப்பக்கம் மெத்தைக்கு அடியில் ஒரு மடிப்புப் போர்வை வைத்து உயர்த்தினால் சில குழந்தைகளுக்கு இருமல் குறைகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதைச் செய்யாதீர்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்: மூக்கில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் வெளியேறாது, நிமோனியாவாக மாறும். மூக்கை வாயால் ஊதுவதும் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவதையும் நிறுத்துங்கள். கற்பூரம் சிறிதளவு வாய்க்குள் போனாலும் வலிப்பு வரலாம். விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டுவது ஏற்கெனவே புண்பட்ட மூக்குக்கு இன்னொரு அடி. ஆவி பிடிக்க வைத்த சட்டி கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளைப் பார்த்தவன் நான்; குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு எதையும் நிறுத்த வேண்டாம். அவற்றால் சளி கூடுவதில்லை. பால் குடித்ததும் தொண்டை கொழகொழப்பது பாலும் எச்சிலும் கலப்பதால்தான். வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு உடனே படுப்பதும், படுத்தபடியே புட்டி குடிப்பதும் வேறு. எதுக்களித்து இருமலைக் கூட்டும். கடைசிப் பாலுக்கும் படுக்கைக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். தலைக்குக் குளிப்பாட்டலாம், துவட்டினால் போதும்.

மூச்சு நிமிடத்துக்கு 40க்கு மேல் ஓடுகிறது, விலாவுக்குக் கீழ் குழி விழுகிறது, கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவக்கிறது, எச்சிலை விழுங்க முடியாமல் வடிக்கிறான், கடும் தலைவலியோடு சோர்ந்து கிடக்கிறான் என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். அதற்குள் ஓர் இரவு, அவன் ஆழ்ந்து தூங்கும்போது, முகமும் நெஞ்சும் தெரியும்படி ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். வாய் திறந்திருக்கிறதா, குறட்டை இருக்கிறதா, மூச்சு நிற்கிறதா என்பதை நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது நன்றாகச் சொல்லும். இதுவரை கொடுத்த மருந்துப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று உங்கள் மருத்துவரின் மேசையில் வையுங்கள். எதையெல்லாம் நிறுத்தலாம் என்பதை அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.